500 பேக்லிங்க் கட்டித் தர்றேன்னு யாராச்சும் போன் போட்டா, இதைப் படிச்சிட்டு அப்பறம் பேசுங்க

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப்போட்டுட்டே இருந்தேன், வெக்கம்தான் காரணம், வேற ஒண்ணுமில்ல. போன வாரம் தேவகோட்டையில கண்டாங்கிச் சேலை விக்கிற அக்கா ஒருத்தவங்க போன் பண்ணி "தம்பி, எஸ்இஓ பண்றேன்னு ஒரு கம்பெனி பேசுறாக, நீ ஏற்கனவே பண்ணுனியாமே, குடுக்கலாமா"ன்னு கேட்டாக. எஸ்இஓன்னா கூகுள்ல தேடுனா நம்ம சைட்டை மேல வரவைக்கிற வேலை, பேக்லிங்க்குன்னா அதுக்காக வேற சைட்டுலேர்ந்து நம்ம சைட்டுக்குக் கட்டுற லிங்க். அவங்க சொன்ன பேக்கேஜ், ரேட்டு, 90 நாளு கணக்கு எல்லாம் எனக்குச் சொன்னதேதான், ஒரு எழுத்து மாறல. அதனால இப்ப எழுதிடுறேன்.

நாங்க ஆத்தங்குடி பக்கம் பூக்கல், அதாவது தரைக்குப் போடுற ஆத்தங்குடி டைல்ஸ், போடுற குடும்பம். அப்பாவும் அண்ணனும் பட்டறையில, ஆர்டர், லாரி, வெப்சைட்டு எல்லாம் நான். சைட்டுன்னா பெருசா ஒண்ணுமில்ல, காலேஜ் ஃப்ரெண்டு ஒருத்தன் போட்டுக் குடுத்தது, பத்து பக்கம், நெறைய போட்டோ, ஒரு வாட்ஸ்அப் பட்டன். ஆனா அதுலேர்ந்து மாசத்துக்கு நாலஞ்சு நல்ல ஆர்டர் வந்துட்டு இருந்துச்சு, பெங்களூரு, கொச்சி, கோயம்புத்தூர்னு. அரண்மனை பாக்க வர்ற ஜனங்க அப்பிடியே பட்டறைக்கு வந்து நாலு கல்லை வாங்கிப் போறது வேற, இது வேற, இது 2000 சதுர அடி வீட்டுக்கு மொத்தமா கேட்டு வர்ற ஆர்டர்.

போன வருஷம் பொங்கல் முடிஞ்ச கையோட சென்னையிலேர்ந்து ஒரு பையன் போன் பண்ணான். சார் உங்க சைட்டு நல்லாருக்கு ஆனா கூகுள்ல ரெண்டாவது பக்கத்துல கெடக்கு, டிஏன்னு (டொமைன் அத்தாரிட்டி) சைட்டுக்கு ஒரு மார்க்கு, அது வெறும் 4தான் இருக்கு, 90 நாள்ல முதல் பக்கம் கேரண்டின்னு. ரெண்டு நாள் கழிச்சு நேர்லயே வந்துட்டான், லேப்டாப்போட. மத்தியான நேரம், அம்மா வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் வச்சுக் குடுத்தாக, சாப்ட்டுட்டு "அம்மா கைப்பக்குவமே தனி"ன்னான். உண்ட வீட்டுக்கு ரெண்டகம்னு எங்க அம்மா இன்னைக்கும் அந்த பணியாரத்தைச் சொல்லித்தான் திட்டுறாக.

மாசம் 12,000, மூணு மாசம் அட்வான்ஸ். மாசத்துக்கு 500 பேக்லிங்க். அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாக, "லிங்க்குன்னா என்னப்பா, அது யாரு குடுக்குறது?" அவன் "அது டெக்னிக்கல்ப்பா, நாங்க பாத்துக்குறோம்"னு சிரிச்சான். நானும் சேர்ந்து சிரிச்சேன். அந்த எடத்துல நான் சிரிக்காம அதே கேள்வியை திருப்பிக் கேட்டிருந்தா ஒரு லட்சம் மிஞ்சிருக்கும்.

இப்ப எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன், அப்ப எதுவும் தெரியாது. ஒரு வெப்சைட்டுலேர்ந்து இன்னொரு வெப்சைட்டுக்குப் போற வழிதான் லிங்க். 1990கள்ல லாரி பேஜும் செர்ஜி ப்ரின்னும் ஸ்டான்ஃபோர்டுல படிக்கும்போது கண்டுபிடிச்ச விஷயமே, ஒரு பக்கத்தை எத்தனை பேரு, எப்பிடிப்பட்டவங்க சுட்டிக் காட்டுறாங்கன்னு பாத்து அதோட மதிப்பைப் போடுறதுதான். பொண்ணு குடுக்குறதுக்கு முன்னாடி மாப்பிள்ளை வீட்டைப் பத்தி அக்கம்பக்கத்துல விசாரிப்போம்ல, அதுதான். அங்க பக்கத்து வீட்டு ஆச்சி ஒரு வார்த்தை நல்லதாச் சொன்னா போதும். இவனுக செஞ்சது என்னன்னா காரைக்குடி பஸ் ஸ்டாண்டுல முன்னப்பின்ன தெரியாத 500 பேரை நிக்கவச்சு எல்லாரையும் "பையன் சொக்கத் தங்கம்"னு ஒரே வார்த்தையில சொல்ல வச்சது. கேக்குறவனுக்கு சந்தேகம் வராதா? கூகுள் இதை 2012 ஏப்ரல்லயே பென்குயின்னு ஒரு அப்டேட் விட்டு அடிக்க ஆரம்பிச்சுட்டான், இப்ப பெரும்பாலும் இந்த மாதிரி லிங்க்கை கணக்குலயே எடுக்கிறதில்ல. அதாவது உங்க காசு மணல்ல ஊத்துன தண்ணி. அதோட போனா அதிர்ஷ்டம், எனக்கு அதோட போகல.

முதல் மாச ரிப்போர்ட்டு வந்துச்சு, எக்செல்ல 500 வரி. டிஏ 4லேர்ந்து 11 ஆயிருக்குன்னு பச்சைக் கலர் அடிச்சு, அப்பறம் 19, அப்பறம் 27, ஒவ்வொரு தடவையும் வாட்ஸ்அப்ல பட்டாசு வெடிக்கிற ஸ்டிக்கர். எனக்கும் சந்தோஷம்தான், பரீட்சை மார்க்கு மாதிரி ஏறுதுல்ல. அந்த டிஏங்கிறது கூகுளோட நம்பரே இல்லங்க. அது மாஸ் (Moz)னு ஒரு தனியார் கம்பெனி அவங்களா கணக்குப் போட்டு 100க்குக் குடுக்குற மார்க்கு, கூகுள் அதைப் பாக்குறதே இல்ல. குப்பை லிங்க்கைக் கொட்டியே அதை ஏத்திக் காட்டலாம், ஏத்திக் காட்டித்தான் விக்கிறானுக.

முதல் பக்கமும் வந்துச்சு, அதையும் சொல்லணும்ல. ஸ்கிரீன்ஷாட்டு அனுப்பிச்சான், 14 கீவேர்டு, அதாவது தேடுற வார்த்தை, முதல் பக்கம். அதுல நாலு எங்க பட்டறைப் பேரு. எங்க பேரைப் போட்டுத் தேடுனா நாங்க வராம வேற யாரு வருவா? மிச்சம் பத்தும் "ஆத்தங்குடி ஹேண்ட்மேட் ஹெரிட்டேஜ் ப்ளோரிங் டைல் சப்ளையர் நியர் காரைக்குடி ஃபார் வில்லா" ரேஞ்சு. உலகத்துல எவன் இப்பிடி உக்காந்து டைப் பண்ணுவான். யாருமே தேடாத வார்த்தையில முதல் எடம் பிடிக்கிறது ஆளில்லாத பந்தயத்துல ஜெயிக்கிற மாதிரி. நான் அதையும் அண்ணனுக்கு ஃபார்வர்டு பண்ணி பெருமைப்பட்டேன், தலையெழுத்து.

சித்திரையில "பிரீமியம் கெஸ்ட் போஸ்ட்"னு, அதாவது வேற சைட்டுல கட்டுரை போட்டு அதுல நம்ம லிங்க்கை வைக்கிறதுக்கு, தனியா 18,000 வாங்குனான், ஆறு கட்டுரை, எல்லாம் பெரிய டிஏ சைட்டுன்னு. அதுல ஒண்ணை தொறந்து படிச்சேன். அது ஒரு காலத்துல வெளிநாட்டுல ஏதோ பல் ஆஸ்பத்திரியோட சைட்டா இருந்திருக்கு, ஓனர் புதுப்பிக்காம விட்ட டொமைனை (சைட்டு முகவரியை) எவனோ புடிச்சு கட்டுரை தோட்டமா ஆக்கிட்டான். மேல ஒரு கேசினோ கட்டுரை, கீழ முடி கொட்டுறதுக்கு மருந்து, நடுவுல எங்க கல்லு. அதுல எழுதியிருக்கான், "ஆத்தங்குடி டைல்ஸ் கேரளாவின் ஆத்தங்குடி கிராமத்தில் சூளையில் சுட்டு எடுக்கப்படுகிறது"ன்னு இங்கிலீஷ்ல. அப்பாட்ட வாசிச்சுக் காட்டுனேன். கையில கண்ணாடியை வச்சுட்டு நின்னாக, அப்பதான் கலர் ஊத்தி முடிச்ச அச்சு. "சூளையா?"ன்னு மட்டும் கேட்டாக. எங்க கல்லை நெருப்பே தொடாது, கண்ணாடி மேல அச்சை வச்சு, கலர் சிமெண்டைக் கரண்டியால ஊத்தி, பின்னாடி சிமெண்டும் மணலும் போட்டு அமுக்கி, தொட்டித் தண்ணியில ஊறப் போட்டு எடுக்குறது, அந்த பளபளப்பு கண்ணாடியிலேர்ந்து வர்றது. வீட்டுக்கு கல்லு வாங்க நெனக்கிறவன் அதைப் படிச்சா எங்களைப் பத்தி என்ன நெனப்பான்? காசு குடுத்து நம்ம தொழிலைப் பத்தி நாமளே பொய் எழுத வச்ச கதை. கூகுள் 2024 மார்ச்சுல ஸ்பேம் ரூல்ஸை மாத்துனப்ப இந்த பழைய டொமைன் வேலையைப் பேரு சொல்லியே தடை பண்ணிருக்கான், அதுக்கு அப்பறமும் இதை பிரீமியம்னு விக்கிறானுக பாருங்க.

அப்ப நிறுத்திருக்கணும். நிறுத்தல. ஏன்னா இவ்ளோ போட்டாச்சு, இன்னும் ரெண்டு மாசம் பாப்போம்ங்கிற புத்தி, சீட்டாட்டத்துல விட்டவன் எந்திரிக்காத மாதிரி.

ஆடியில போன் வர்றது குறைஞ்சுச்சு. ஆடி மாசம் யாரும் வீட்டு வேலை ஆரம்பிக்க மாட்டாங்கன்னு சும்மா இருந்துட்டேன். ஆவணியும் வந்துச்சு, முகூர்த்த மாசம், ஒரு என்குவைரி இல்ல. கேட்டா "கூகுள் அப்டேட் ப்ரோ, டான்ஸ் ஆடும், செட்டிலாயிடும்"னான், அந்த மாச 12,000த்தையும் வாங்கிட்டான். தை தொட்டு ஆவணி வரைக்கும் எட்டு மாசம், 96,000, அந்த 18,000த்தையும் சேத்தா 1,14,000.

சைட்டு போட்டுக் குடுத்த ஃப்ரெண்டு லீவுக்கு வந்தப்ப லேப்டாப்ப தொறந்தான். முதல்ல கேட்டது "சர்ச் கன்சோல் யாரு மெயில்ல இருக்கு?" நான் "அது என்ன?"ன்னேன். அவன் ஒண்ணும் சொல்லாம என்னைப் பாத்த பார்வை இருக்கே. கூகுள் சர்ச் கன்சோல்னு ஒண்ணு இருக்குங்க, காசே கிடையாது, உங்க சைட்டு எந்த வார்த்தைக்கு வந்துச்சு, எத்தனை பேரு அமுக்குனாங்க, எவனெவன் லிங்க் குடுத்திருக்கான் எல்லாத்தையும் கூகுளே காட்டும், 16 மாசக் கணக்கு வரைக்கும் பாக்கலாம். எங்க சைட்டுக்கு அதோட ஓனர் அந்த கம்பெனி மெயிலு. வீடு என்னுது, சாவிக்கொத்து அவன் இடுப்புல.

டிஎன்எஸ் வழியா, அதாவது டொமைன் செட்டிங்ல, சைட்டு எங்களுதுன்னு புதுசா வெரிஃபை பண்ணி உள்ள போனோம். மேனுவல் ஆக்ஷன்ஸ்னு ஒரு எடம் இருக்கும், அங்க பச்சை டிக் இருக்கணும். எங்களுக்கு செவப்புல, உங்க சைட்டுக்கு இயற்கையில்லாத லிங்க்ஸ்னு. அதாவது மிஷின் இல்ல, கூகுள்ல ஒரு ஆளே பாத்து தண்டனை போட்டிருக்காக. இந்த நோட்டீசு ஓனர் மெயிலுக்கு வரும், அப்ப அவனுக்குத்தான் வந்திருக்கும், வந்தும் ஆவணிக் காசை வாங்கிருக்கான். எனக்கு வயிறு எரியுறது அந்த 12,000த்துக்குத்தான், மத்ததுக்கு நான் முட்டாளா இருந்தேன்னு வச்சுக்கலாம்.

லிங்க்ஸ் பக்கத்தைத் தொறந்தா ரஷ்ய எழுத்துல சூதாட்ட சைட்டு, எவனோ ஹேக் பண்ணுன பள்ளிக்கூட சைட்டு, செத்துப்போன பிளாக்குகளோட கமெண்டுப் பெட்டி. எல்லாத்துலயும் ஒரே வார்த்தை, "பெஸ்ட் ஆத்தங்குடி டைல்ஸ் ப்ரைஸ்", நூத்துக்கணக்குல, வரிசையா. அந்த குப்பைக்கு நடுவுல ஒரே ஒரு லிங்க்கு, கொச்சியில ஒரு ஆர்க்கிடெக்ட் அவங்க கட்டுன வீட்டைப் பத்தி எழுதி, கல்லு இங்க வாங்குனோம்னு எங்க சைட்டைக் குடுத்திருக்காக. யாரும் கேக்காம, காசு குடுக்காம. எனக்கு வந்த பாதி கேரளா ஆர்டரு அதுலேர்ந்து வந்ததுதான்னு அன்னைக்குத்தான் புரிஞ்சுச்சு.

போன் போட்டுக் கேட்டேன். சத்தம் போடல அவன், கூலா "லிங்க் ரிமூவல் சர்வீஸ் இருக்கு ப்ரோ, 25,000 ஆகும்"னான். கட்டுறதுக்கும் கூலி, இடிக்கிறதுக்கும் கூலி. அப்பறம் என் நம்பரை பிளாக் பண்ணிட்டான்.

சரி பண்ணுனது எப்பிடின்னு சொல்றேன், இதே நெலமையில இருக்கவங்களுக்கு ஆகும். முதல்ல அவனை சர்ச் கன்சோல்லேர்ந்து தூக்குனோம், வெறுமனே பேரை எடுத்தா போதாது, சைட்டு கோடுக்குள்ள அவன் வச்ச வெரிஃபிகேஷன் டேக்கையும் எடுக்கணும், இல்லன்னா திரும்ப ஓனரா வந்து உக்காந்துக்குவான். அப்பறம் லிங்க் இருக்க சைட்டுக்காரங்களுக்கு மெயில் போட்டோம், 40 மெயிலுக்கு மூணு பதிலு, அதுல ஒருத்தன் எடுக்குறதுக்கு டாலர் கேட்டான். மிச்சத்தை டிஸ்அவோ பண்ணணும், அதாவது இந்த லிங்க்கெல்லாம் என் கணக்குல சேக்காதன்னு ஒரு டெக்ஸ்ட் ஃபைல்ல ஒரு வரிக்கு ஒரு சைட்டுன்னு எழுதி கூகுளுக்கு ஏத்துறது. சர்ச் கன்சோல்ல டொமைனை மொத்தமா சேக்குற டொமைன் ப்ராப்பர்ட்டியில அது வேலை செய்யாது, முழு முகவரி போட்டு தனியா ஒண்ணு சேத்துத்தான் ஏத்தணும், அது தெரியாம ஒரு ராத்திரி பூரா முட்டுனோம். தண்டனை இல்லாதவங்க இதுல கை வைக்காதீங்க, கூகுளே குப்பையை ஒதுக்கிடுது, நீங்க தெரியாம நல்ல லிங்க்கையும் சேத்து வெட்டிருவீங்க, நான் அந்த கொச்சி லிங்க்கை வெட்டப் பாத்தேன், ஃப்ரெண்டுதான் கையப் புடிச்சான்.

கடைசியா ரீகன்சிடரேஷன் ரிக்வெஸ்ட், மன்னிப்புக் கடுதாசிதான், என்ன தப்பு பண்ணோம், என்ன சரி பண்ணோம்னு. முதல் தடவை திருப்பிட்டாங்க, இன்னும் இந்த லிங்க்கெல்லாம் இருக்கேன்னு சாம்பிள் குடுத்து. ரெண்டாவது தடவை ஏத்துக்கிட்டாங்க. ஆனா பழைய எடம் வரல. ரெண்டாவது பக்கம் மோசம்னு சொல்லித்தான ஆரம்பிச்சோம், இப்ப நாலாவது பக்கத்துல கெடக்கோம்.

காசு? பில்லுல ஜிஎஸ்டி நம்பர் இல்ல, பணம் போனது ஒரு தனி ஆளு அக்கவுண்டுக்கு, அக்ரிமெண்டுன்னு ஒண்ணு கிடையாது, எல்லாம் வாட்ஸ்அப். நுகர்வோர் உதவி நம்பர் 1915க்குப் பேசி புகார் போட்டிருக்கேன். தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர், தொழிலுக்கு வாங்குன சேவைன்னா நுகர்வோர் கோர்ட்டுல எடுக்க யோசிப்பாக, ஆனா சொந்தப் பொழப்புக்குப் பண்ணுற சுயதொழில்னா 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல எடம் இருக்குன்னாரு. நோட்டீஸ் விட்டிருக்கோம். பெரிய நம்பிக்கை இல்ல.

அந்த தேவகோட்டை அக்காவுக்குச் சொன்னதையே இங்கயும் சொல்றேன். யாரும் முதல் எடத்துக்கு கேரண்டி குடுக்க முடியாதுன்னு கூகுளே எழுதி வச்சிருக்கு, அப்ப கேரண்டிங்கிற வார்த்தை வந்ததுமே போனை வச்சிருங்க. எண்ணிக்கை சொல்றவன்கிட்ட, எந்த சைட்டுலேர்ந்து, அந்த சைட்டை யாரு படிக்கிறா, ஒரே ஒரு உதாரணம் இப்பவே தொறந்து காட்டுன்னு கேளுங்க. கல்லு எடுக்க வர்றவங்க ஒவ்வொரு கல்லையும் விரலால சுண்டி சத்தம் கேட்டுத்தான் எடுக்குறாக, கணீர்னு கேக்கலன்னா ஒதுக்கிடுறாக, அதே வேலைதான். சர்ச் கன்சோல், டொமைன், ஹோஸ்டிங் மூணும் உங்க மெயில்ல இருக்கட்டும், வேலைக்கு வர்றவனுக்கு யூசரா மட்டும் அனுமதி குடுங்க. அந்தக் காசுல நான் நாலு நல்ல போட்டோ எடுத்து கூகுள் மேப்புல போட்டிருந்தா, கல்லு வாங்குனவங்கள்ட்ட உங்க வீட்டைப் பத்தி எழுதுனா எங்க பேரையும் சேத்துக்கங்கன்னு கேட்டிருந்தா போதும், இப்ப அதைத்தான் பண்ணிட்டு இருக்கேன்.

சர்ச் கன்சோல் தொறந்து பாக்கத் தெரியாதவங்க காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் யாரா இருந்தாலும் பட்டறைக்கு வாங்க. ஐப்பசி அடமழையில கல்லு காயாது, நான் சும்மாதான் உக்காந்திருப்பேன். லேப்டாப்பை மட்டும் எடுத்துட்டு வாங்க, பணியாரத்துக்கு அம்மாகிட்ட நான் கேரண்டி குடுக்க முடியாது, அந்தப் பையன் வந்துட்டுப் போனதுலேர்ந்து லேப்டாப்போட வர்றவங்கன்னாலே அவகளுக்கு ஆகல.