எனக்கு இருப்பது ரெண்டே கால்: பெடல் ஸ்டீலும் ஒரு மல்டி எஃபெக்ட்ஸும், மூன்று வருடம்

நான் வாசிப்பது பெடல் ஸ்டீல்: ஸ்டாண்டில் படுக்கவைத்த எலக்ட்ரிக் கிடார் மாதிரி, கம்பி மேல் இரும்பை நகர்த்தி, காலால் பெடல் அமுக்கிச் சுரம் மாற்றுவது. போன வாரம் என் மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டி, அதாவது வாத்தியத்தின் சத்தத்தைப் பல விதமாக மாற்றிக் கொடுக்கும் பெட்டி, ரிப்பேர் முடிந்து வந்தது. சமயநல்லூர்ப் பக்கம் ஒரு திருவிழாக் கச்சேரியில், அவசரத்தில் எங்கள் குழுத் தம்பி கீபோர்டின் அடாப்டரை இதில் சொருகிவிட்டான். இது கேட்பது 9 வோல்ட், நடு முனை நெகட்டிவ். அது கொடுப்பது 12 வோல்ட், நடு முனை பாசிட்டிவ். பிளக் மட்டும் அச்சு அசலாகப் பொருந்தித் தொலைக்கும். டவுன் ஹால் ரோட்டுச் சந்தில் பெட்டியைத் திறந்த அண்ணன், கருகிப்போன டயோடு ஒன்றை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "இது செத்ததாலதான் சார் மத்ததெல்லாம் பொழச்சிருக்கு." 250 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

அன்றைக்கே திண்டுக்கல் நண்பன் போனில்: "மாப்ள, ஸ்டீலுக்குக் கிடார்க்காரங்க எஃபெக்ட்ஸ் ஒத்துவருமா? ஒண்ணு விலை குறைஞ்சு கெடைக்குது." போனில் சொல்லி முடியாது, எழுதுகிறேன் என்றேன். பெட்டியின் கம்பெனிப் பெயர் வேண்டாம். என் கோபம் ஒரு கம்பெனி மேல் இல்லை, எல்லார் மேலேயும்தான்.

இதைச் செய்தவர்கள் நின்றுகொண்டு வாசிப்பவனை நினைத்துச் செய்திருக்கிறார்கள். அவனுக்கு ரெண்டு காலும் சும்மா. நான் உட்கார்ந்திருக்கிறேன். இடது கால் மூன்று பெடலுக்கு. வலது கால் வால்யூம் பெடலுக்கு. முழங்கால் ரெண்டும், தள்ளிச் சுரம் மாற்றும் லீவர்களுக்கு நடுவே. இடது கையில் பார், கம்பி மேல் நகர்த்தும் அந்த இரும்பு உருளை. வலது கையில் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் மூன்றிலும் கம்பியைத் தட்டும் பிக். இப்போது தரையில் கிடக்கும் பெட்டியை மிதி என்றால் எதைக்கொண்டு மிதிப்பது?

வலது காலை ஒரு நொடி எடுத்தால் என்ன என்று கேட்கலாம். பெடல் ஸ்டீலில் கம்பியைத் தட்டும்போது வால்யூம் பெடல் பாதிதான் திறந்திருக்கும். சுரம் தேயத் தேயப் பாதம் கொஞ்சம் கொஞ்சமாக அதைத் திறந்துகொண்டே போகும். நாதஸ்வரக்காரர் மூச்சை அடக்கி ஒரு சுரத்தில் நிற்கிறாரே, அந்த நிற்பு எனக்குக் கணுக்காலில்தான் இருக்கிறது. காலை எடுத்தால் பெடல் நின்ற இடத்திலேயே நிற்கும், சுரம் தேய்ந்து போய்விடும். சரி, இடது கால்? என்னுடையது ஈ9 என்ற சுதியமைப்பு, பத்துக் கம்பி. முதல் பெடலை அமுக்கி பி கம்பியை சி ஷார்ப்பில் நிறுத்தியிருக்கும்போது காலைத் தூக்கிப் பாருங்கள். பாட்டு நடுவில் சுரம் தொப்பென்று கீழே விழும். நான் தூக்கியிருக்கிறேன். பாடகர் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

அதனால் இப்போது என் பெட்டி ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில், வலது பக்கம், கை எட்டும் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. பிக் மாட்டிய விரலால் குமிழைப் பிடித்தால் வழுக்கும், கிறீச்சென்று சத்தமும் வரும். மிச்சம் இருக்கும் வெறும் விரல் ரெண்டு: மோதிர விரலும் சுண்டு விரலும். அந்த ரெண்டையும் வைத்துக் கடுகளவு குமிழைத் திருப்புகிறேன். மூன்று வருடத்தில் சுண்டு விரலுக்கு நல்ல பழக்கம் வந்துவிட்டது, வேறென்ன சொல்ல.

அடுத்தது சிக்னல். ஸ்டீலின் பிக்கப்பில், அதாவது கம்பி அதிர்வை மின் சிக்னலாக்கும் சுருளில், சுற்று அதிகம், சிக்னலும் பலம். என்னுடையதை மீட்டரில் வைத்தால் 17 கிலோ ஓமுக்கு மேல் காட்டுகிறது. ஸ்ட்ராட் என்ற வகை எலக்ட்ரிக் கிடாரின் பிக்கப் 6 கிலோ ஓம் சுற்றுவட்டாரம். நேராகப் பெட்டிக்குள் விட்டால் ஓங்கித் தட்டும் ஒவ்வொரு தட்டுக்கும் உள்ளே கரகரவென்று நொறுங்குகிறது. வால்யூம் பெடலுக்குப் பின்னால் மாட்டினேன், நொறுங்கல் போய்விட்டது. தட்டிய சுரத்தை எதிரொலியாகத் திருப்பித் தரும் டிலேவுக்கும் அந்த இடம்தான் சரி. பெடலை மூடினாலும் எதிரொலி தன்பாட்டுக்கு அடங்கும். முன்னால் போட்டால் வாலை வெட்டின மாதிரி இருக்கும்.

சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் கம்ப்ரஸர் எனக்குத் தேவையே படவில்லை, அதன் வேலையைத்தான் பாதம் செய்கிறதே. சத்தத்தைக் கரகரப்பாக்கும் டிரைவ் ஒரு மாதம் போட்டுப் பார்த்தேன். மூன்று கம்பியைச் சேர்த்துத் தட்டினால் மாவு மில் சத்தம்.

டிலேவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 350 மில்லி செகண்ட், ரெண்டு எதிரொலி வைத்தால் மேற்கத்திய மெதுவான பாட்டுக்கு அள்ளும். அதையே நம் பாட்டில், பாரை இழுத்துக் கமகமாக ஒரு பிடி பிடித்தால், புறப்பட்ட சுரம் வந்து சேர்ந்த சுரத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். சுதி விலகிய மாதிரியே கேட்கும். நேரத்தை 120க்குக் குறைத்து, ஒரே எதிரொலி, அளவும் லேசாக வைத்த பிறகுதான் குழுவில் யாரும் முகம் சுளிப்பதில்லை. கோட்டு வாத்தியக்காரர்கள் இந்தப் பெட்டி எதுவும் இல்லாமலே இதைவிட அழகாக இழுக்கிறார்கள் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ரோட்டரி என்று ஒன்று இதில் இருப்பதையே ஒன்றரை வருடம் கவனிக்கவில்லை. சுழலும் ஸ்பீக்கரின் சத்தத்தைப் போலச் செய்வது. ஒரு கிறிஸ்துமஸ் ஒத்திகையில் சுண்டு விரல் தவறிப்போய் அதில் நின்றுவிட்டது. வால்யூம் பெடலை மூடி வைத்துத் தட்டிவிட்டு மெல்லத் திறந்தேன். தட்டுச் சத்தமே இல்லாமல் மூன்று சுரமும் ஒன்றாக எழும்பி வந்து மெதுவாகச் சுழன்றன. இரண்டாவது பெடலை அமுக்கியதும் நடுவில் இருந்த ஜி ஷார்ப் மட்டும் ஏ ஆக நகர்ந்தது. ஆராதனை முடிந்து ஒரு பாட்டி வந்து, "ஆர்கன் வாசிச்ச தம்பி எங்கப்பா?" என்று என்னிடமே கேட்டார். நான்தான் பாட்டி என்றேன். நம்பவில்லை, கீபோர்டுத் தம்பியிடம் போய் ரெண்டு கையையும் பிடித்து ஆசீர்வாதம் பண்ணிவிட்டுப் போனார். அந்தச் சத்தத்துக்காக அடாப்டர் விஷயத்தில் அவனை மன்னித்துவிட்டேன் என்று சொல்லலாம், ஆனால் இன்னும் மன்னிக்கவில்லை.

மாப்ள, விலை குறைந்தாலும் வாங்காதே. பெட்டியில் இருக்கும் அறுபது சத்தத்தில் நீ தொடப்போவது ரெண்டு. அந்தக் காசுக்கு ஒரு நல்ல டிலே மட்டும் வாங்கு. மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டு. வாங்கித்தான் தீருவேன் என்றால் ஸ்டூலும் சேர்த்து வாங்கு. என்னுடையதைக் கேட்காதே, சனிக்கிழமை அலங்காநல்லூரில் கச்சேரி இருக்கிறது. அடாப்டரில் சிவப்பு டேப் சுற்றிவிட்டேன்.