ஸ்கீமாவில் இல்லாத பண்புகள்: ஜாவாவில் எந்த வழி?

கும்பகோணம் பக்கத்து அரிசி ஆலை ஒன்றுக்குக் கணக்கு மென்பொருள் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சம்பா அறுவடை முடிந்து எடைமேடையிலிருந்து வரும் எக்ஸ்எம்எல் கோப்பில் இப்படி ஒரு வரி:

<மூட்டை எண்="12" எடை="40" ஈரப்பதம்="18"/>

எண், எடை, ஈரப்பதம் மூன்றும் பண்புகள். எண்ணும் எடையும் ஸ்கீமாவில் (கோப்பில் என்னென்ன வரலாம் என்று சொல்லும் விதித்தொகுப்பில்) உண்டு, ஈரப்பதம் இல்லை. ஆனால் கொள்முதலில் 17 சதவீதத்தைத் தாண்டினாலே தகராறு வரும் நெல்லுக்கு அதைப் படிக்காமல் விட முடியுமா? தமிழில் பண்புப் பெயர் செல்லுமா என்ற ஐயம் வேண்டாம். 1998இல் வந்த எக்ஸ்எம்எல் 1.0 அதற்கு அப்போதே இடம் கொடுத்துவிட்டது.

பலரும் முதலில் எடுப்பது, எக்ஸ்எம்எல்லை ஜாவா பொருளாக மாற்றித் தரும் ஜாக்ஸ்பி. வகுப்பில் புலம் இல்லாத பண்பை அது பிழை எதுவும் எழுப்பாமல் விழுங்கிவிடும். சத்தம் போட்டு நின்றாலாவது தெரியும். இது மௌனமாகத் தரவைத் தொலைக்கிறது. மாற்று, 'எக்ஸ்எம்எல் எனி அட்ரிபியூட்' குறிப்பை இட்ட ஒரு மேப் (சாவியும் மதிப்புமாகச் சேமிக்கும் தொகுப்பு). சாவி கியூநேம் (பண்பின் முழுப்பெயர்), மதிப்பு சரம். ஒரு வகுப்புக்கு ஒன்றுதான். தெரியாத பண்பெல்லாம் அதில் சேரும், திரும்ப எழுதும்போது கோப்புக்கே போய்விடும். எண்ணாக மாற்றுவது உங்கள் வேலை. ஒரு கண்ணி உண்டு: ஜாவா உருவாக்கத் தொகுப்பான ஜேடிகே 11இலிருந்து ஜாக்ஸ்பி உடன் வருவதில்லை, தனி நூலகமாகச் சேர்க்க வேண்டும். பழைய ஜாவாக்ஸ் தொகுப்பின் குறிப்பைப் புதிய ஜகார்த்தா நூலகம் கண்டுகொள்ளாது. மேப் காலியாகவே நிற்கும்.

ஸ்கீமாவைத் திருத்தும் உரிமை இருந்தால், பட்டியலில் இல்லாத பண்புக்கும் இடம் தரும் 'எனி அட்ரிபியூட்' சேர்க்கலாம். ஸ்கீமாவிலிருந்து வகுப்புகளை எழுதித் தரும் எக்ஸ்ஜேசி கருவி அந்த மேப்பைத் தானே உருவாக்கித் தரும். ஆனால் சரிபார்ப்பு முறையை 'லாக்ஸ்' (தளர்வு) என்று மாற்றாவிட்டால் இயல்பான 'ஸ்ட்ரிக்ட்' அறிவிக்கப்படாத பண்பை மறுக்கும். பெயர்வெளிக்கு (பெயர்கள் மோதாமல் பிரித்துக் காட்டும் அடையாளத்துக்கு) 'அதர்' என்று கொடுத்தாலும் சிக்கல்தான்: நம் ஈரப்பதம் போல் பெயர்வெளியே இல்லாத பண்பு அதில் அடங்காது.

கோப்பு முழுவதையும் மரமாக நினைவகத்தில் ஏற்றும் டாம் எளிது. உறுப்பைப் பிடித்து எல்லாப் பண்புகளையும் வரிசையாகக் கேட்கலாம். பெயர்வெளி உணர்வு இயல்பாக அணைந்திருக்கும் என்பதால் அதை இயக்காமல் உள்ளூர்ப் பெயரை (முன்னொட்டு இல்லாத பெயரை) கேட்டால் 'நல்' என்ற வெற்று மதிப்புதான் வரும். இயக்கிய பிறகும் பெயர்வெளி அறிவிப்புகள் பண்புகளோடு கலந்தே வரும், வடிகட்டுங்கள். பருவம் முழுவதற்குமான கோப்பை இப்படி நினைவகத்தில் ஏற்ற நான் சொல்லமாட்டேன்.

பெரிய கோப்புக்கு, கேட்கக் கேட்கத் துண்டு துண்டாகப் படித்துத் தரும் ஸ்டாக்ஸ். தொடக்கக் குறிச்சொல் வந்ததும் பண்புகளின் எண்ணிக்கையைக் கேட்டு ஒவ்வொன்றாகப் படித்தால் போதும். பெயர்வெளி அறிவிப்புகள் தனியே வருவதால் வடிகட்டும் வேலையும் இல்லை. சாக்ஸும் இதையே செய்யும், ஆனால் ஓட்டம் அதன் கையில், அதுதான் நம் நிரலை அழைக்கும்; புதிதாக எழுதுபவருக்கு அதைப் பரிந்துரைக்கக் காரணம் தெரியவில்லை.

வகுப்புகள் வேறொருவர் உருவாக்கியவை, தொடக்கூடாது என்றால்? ஜாக்ஸ்பியின் பைண்டர் இருக்கிறது. டாம் மரத்திலிருந்து பொருளை உருவாக்கி, பொருளுக்குரிய முனையையும் திருப்பித் தரும். அங்கே ஈரப்பதத்தைக் கேட்டுக்கொள்ளலாம். அதிகம் பேசப்படாத வழி. நினைவகச் செலவு மட்டும் டாம் அளவுக்கே.

என் தேர்வு: வகுப்பு கையில் இருந்தால் மேப், இல்லையென்றால் ஸ்டாக்ஸ். சிறு கோப்பாக இருந்து பொருளும் வேண்டுமென்றால் மட்டும் பைண்டர்.

டாமும் ஸ்டாக்ஸும் எல்லாப் பண்புகளையும் தரும்; எது ஸ்கீமாவில் இல்லாதது என்று சொல்லாது. பெயர்ப் பட்டியலைக் கையால் எழுதி ஒப்பிடுவதைவிட, சரிபார்ப்பியைத் தனியே ஓட்டிப் பிழைகளைத் திரட்டுங்கள். எக்ஸ்எம்எல் நூலகமான செர்செஸில் 'சிவிசி-காம்ப்ளெக்ஸ்-டைப்.3.2.2' என்று தொடங்கும் செய்தியில் அனுமதியில்லாத பண்பின் பெயரே இருக்கும்.