கூகுள் ஃபோட்டோஸ்: பல வருடப் புழக்கத்தில் தெரிந்தவை

2015-ல் வந்தபோது அளவில்லாத இலவசம். 2021 ஜூன் 1 முதல் ஜிமெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து 15 ஜிபிதான். இடத்தைத் தின்பது பெரும்பாலும் வீடியோ. 'ஸ்டோரேஜ் சேவர்' வைத்தால் படம் 16 மெகாபிக்சலுக்கும் வீடியோ 1080பிக்கும் மேல் போகாது. வீட்டு ஆல்பத்துக்கு அதுவே தாராளம்.

தேடுவதில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. முகத்துக்கு ஒருமுறை பெயர் கொடுத்துவிட்டால் பாட்டியின் படங்கள் எல்லாம் ஒரே இடத்தில் வந்துவிடும். சொதப்புவது தேதியில்தான். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கிவிடும், எடுத்த தேதியும் இடமும் அதிலிருந்து போய்விடும். அதனால் போன தீபாவளிப் படம், அது கைக்கு வந்த நாளில் போய் உட்கார்ந்திருக்கும். ஸ்கேன் செய்த பழைய படங்களுக்கும் இதே கதி. படங்களை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். ஏற்கெனவே வந்தவற்றை கணினியில் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து 'எடிட் டேட் அண்ட் டைம்' கொடுத்து மாற்றலாம்.

விசேஷப் படங்களைப் பகிர ஆல்பம் லிங்க் வசதிதான். ஆனால் அது சாவி மாதிரி: யார் கையில் கிடைத்தாலும் திறக்கும், கூகுள் கணக்குகூட வேண்டாம். சொந்தக்காரர் குழுவில் போட்ட லிங்க் அங்கேயே நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நெருங்கியவர்களை மின்னஞ்சல் முகவரி கொடுத்துச் சேர்த்துவிட்டு, ஆல்பத்தின் 'ஆப்ஷன்ஸ்' பகுதியில் லிங்கை அணைத்துவிடுவது நல்லது. படம் எடுத்த இடத்தைக் காட்டும் பொத்தானும் அங்கேதான் இருக்கிறது. வீட்டில் எடுத்த குழந்தைப் படங்களுக்கு அதையும் அணையுங்கள். இன்னும் இரண்டு விஷயம் நினைவில் இருக்கட்டும். ஒன்று, லிங்கை அணைப்பதற்குள் யாராவது படங்களைத் தங்கள் கணக்கில் சேமித்துக்கொண்டிருந்தால் அந்தப் பிரதி அவர்களிடமே இருக்கும். இன்னொன்று, கூட்டு ஆல்பத்தை விட்டு ஒருவர் வெளியேறினால் அவர் சேர்த்த படங்களும் கூடவே போய்விடும். வேண்டியதை முன்பே சேமித்து வையுங்கள்.

போனில் இடம் வேண்டுமென்று ஃபோட்டோஸ் செயலிக்குள் 'டெலீட்' அழுத்தாதீர்கள். பேக்கப்பில் இருப்பதும் சேர்ந்து அழியும். குப்பைத்தொட்டியில் 60 நாள்தான் இருக்கும். போனில் இடம் பிடிப்பதற்கான பொத்தான் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்'. பேக்கப் ஆன படங்களைப் போனிலிருந்து மட்டும் எடுக்கும்.

எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்கில் இறக்க 'டேக்அவுட்' உண்டு. நீங்கள் திருத்திய தேதி படத்துக்குள் இருக்காது, கூடவே வரும் ஜேசன் (.json) என்ற தகவல் கோப்பில் இருக்கும். குப்பை என்று நினைத்து அவற்றை அழித்துவிடாதீர்கள்.