ஒரே பூட்டு, ஐந்து ஆட்டங்கள்

மேசையில் ரோல்பிளேயிங் கேம் ஒன்று நடந்துகொண்டிருந்தது, ஆளுக்கொரு கேரக்டராகப் பேசி, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு. கல்லறைக் கதவு பூட்டியிருக்கிறது என்று சொன்னதுமே, திருடனாக விளையாடிய நண்பன் நிமிர்ந்து உட்கார்ந்தான். பூட்டுத் திறக்கும் திறமைக்கே புள்ளிகளைக் கொட்டி வைத்திருந்தவன். மூன்று வாரமாக இப்படி ஒரு கதவுக்காகக் காத்திருந்தான். இருபது முகப் பகடையைக் கையில் எடுத்து உருட்டப் போகும் நேரத்தில் மந்திரவாதி பக்கமிருந்து குரல் வந்தது: "வேணாம்டா, நான் நாக் போட்டுடறேன்." நாக் (Knock) என்பது பூட்டைத் திறக்கும் மந்திரம். கதவு திறந்துகொண்டது. நண்பன் பகடையைத் திரும்ப டப்பாவில் போட்டான். அதற்குப் பிறகு அன்று அவன் அதிகம் பேசவில்லை.

மந்திரவாதியைக் குறை சொல்ல மாட்டேன். விதிப் புத்தகம் கொடுத்ததைத்தான் பயன்படுத்தினான். அன்றிலிருந்து புதிதாக ஒரு ரோல்பிளேயிங் கேம் கையில் வந்தால் நான் முதலில் தேடுவது இதைத்தான்: பூட்டிய கதவுக்கு முன்னால் மந்திரவாதியும் திருடனும் நின்றால் என்ன நடக்கும்? சண்டையில் யார் எவ்வளவு அடிக்கிறார்கள் என்ற கணக்கைவிட, விதிகளின் சமநிலையை இந்தக் கேள்வி நன்றாகக் காட்டிக்கொடுக்கிறது.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற ஆட்டத்தின், 1981-இல் வந்த பேசிக் பதிப்பிலிருந்து தொடங்குகிறேன். அங்கே சமநிலை என்பது வளர்ச்சிக்கு வைத்த விலை. இரண்டாம் லெவலுக்குப் போக திருடனுக்கு 1,200 அனுபவப் புள்ளி போதும். வாள்வீரனுக்கு 2,000, மந்திரவாதிக்கு 2,500, வாளும் மந்திரமும் இரண்டும் தெரிந்த எல்ஃபுக்கு 4,000. நாக் மந்திரம் இரண்டாம் படியைச் சேர்ந்தது. மந்திரவாதிக்கு அது எட்டுவது மூன்றாம் லெவலில், அதாவது 5,000 புள்ளியில். அதே 5,000-இல் திருடன் நான்காம் லெவலுக்கு வந்திருப்பான். அப்போதும் மந்திரவாதிக்கு அந்தப் படியில் நாளுக்கு ஒரே ஒரு மந்திரம்தான். நாக்கை எடுத்துக்கொண்டால் மறைந்து நடக்கும் மந்திரம் அன்றைக்குக் கிடையாது. இந்த நெருக்கடி எனக்கு மிகவும் பிடிக்கும். விதி யாரையும் தடுக்காமலே திருடனுக்கு இடம் விட்டுவைக்கிறது.

ஆனால் அதே புத்தகம் திருடனுக்கு இரக்கமும் காட்டவில்லை. முதல் லெவலில் பூட்டுத் திறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 15. நான்காம் லெவலில் 30. ஒரு பூட்டில் தோற்றால் அடுத்த லெவல் வரும்வரை அதே பூட்டைத் தொட முடியாது. மந்திரவாதியின் பலமோ பல மாதம் கழித்துத்தான் தெரியும். ஒருவன் முதல் பந்தியில் சாப்பிட, மற்றவன் கடைசிப் பந்திக்குக் காத்திருக்கிற ஏற்பாடு இது. வேலை, குடும்பம் என்று ஆறு வாரத்தில் கலைந்துபோகிற எங்களைப் போன்ற குழுக்கள் கடைசிப் பந்தியைப் பார்ப்பதே இல்லை.

அதே ஆட்டத்தின், 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு அந்த விலைப் பட்டியலைத் தூக்கிவிட்டு எல்லோருக்கும் ஒரே அட்டவணை வைத்தது. இரண்டாம் லெவலுக்கு யாராக இருந்தாலும் 1,000 புள்ளி. பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. கூடவே மந்திரவாதிக்கு முதல் லெவலிலேயே மந்திரத்தைச் சுருளில் எழுதி வைக்கும் திறமை இலவசமாகக் கிடைத்தது. காசு இருந்தால் நாக் ஏற்றிய மந்திரக்கோலை 4,500 பொற்காசுக்கு வாங்கலாம். அதில் ஐம்பது முறை போடலாம். பகடை உருட்டவே வேண்டாம், தோல்வியும் கிடையாது. "இன்று எதை எடுத்துப் போவது" என்ற பழைய நெருக்கடி இங்கே செத்துப்போனது. நான் மேலே சொன்ன கல்லறைக் கதவு இந்தப் பதிப்பில்தான் திறந்தது.

2008-இல் வந்த நான்காம் பதிப்பு எதிர்த்திசையில் வெகுதூரம் போனது. எல்லா வகுப்புக்கும், அதாவது திருடன், வாள்வீரன், மந்திரவாதி போன்ற கேரக்டர் வகைகளுக்கும், திறமைகளில் ஒரே எலும்புக்கூடு: எப்போதும் போடக்கூடியது, சண்டைக்கு ஒருமுறை, ஒரு நாளுக்கு ஒருமுறை. நாக் ஒரு சடங்காக மாறியது. பத்து நிமிடமும் கொஞ்சம் காசும் செலவாகும். வகுப்புகள் எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிட்டன என்ற புகாரில் பாதிதான் உண்மை என்பேன். வாள்வீரனாக விளையாடியவருக்கு "அடிக்கிறேன்" என்பதைத் தவிர வேறு சொல்லக் கிடைத்தது இந்தப் பதிப்பில்தான். எங்கள் மேசையில் ஒரே சண்டை மாலை முழுவதையும் விழுங்கியதும் இந்தப் பதிப்பில்தான்.

2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் நாக் பழையபடி மந்திரமாகவே திரும்பி வந்தது, ஒரே ஒரு வாக்கியம் கூடுதலாக: பூட்டு திறக்கும்போது 300 அடி தூரம் கேட்கும் தட்டல் சத்தம் வரும். நான் பார்த்த சமநிலை விதிகளில் இதற்கு இணையில்லை. மந்திரம் பலமிழக்கவில்லை. ஆனால் காவலர்கள் இருக்கும் இடத்தில் சத்தமில்லாமல் திறப்பவனுக்கு மரியாதை வந்துவிட்டது. யார் திறப்பது என்று மேசையில் பேச்சு எழுகிறது. ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் தலையிட வேண்டியதே இல்லை.

அதே பதிப்பின் ஓய்வுக் கணக்கோ, அதாவது செலவழித்த மந்திரமும் பலமும் ஓய்வெடுத்தால் திரும்பும் விதியோ, எனக்கு ஏமாற்றம். கதையின் ஒரு நாளில் ஆறு முதல் எட்டு மோதல்கள்வரை ஒரு குழு தாங்கும் என்று கேம் மாஸ்டருக்கான புத்தகம் சொல்கிறது. அத்தனை மோதல் நடந்தால் மந்திரவாதியின் கையிருப்பு கரையும், சிறு ஓய்விலேயே பலம் திரும்பும் வாள்வீரன் தலை நிமிர்வான். எங்களுக்கு ஒரு நாளில் இரண்டு மோதல் நடந்தாலே அதிகம். மந்திரவாதி இருப்பதையெல்லாம் கொட்டிவிட்டுத் தூங்கப் போய்விடுகிறான். மேசையில் நடக்காத ஒரு நாளை நம்பி எழுதிய சமநிலை அது.

ஐந்தாவது ஆட்டம் இந்த வரிசையிலேயே வராது. 1987-இல் ஜொனாதன் ட்வீட்டும் மார்க் ரெய்ன்ஹேகனும் எழுதிய ஆர்ஸ் மாஜிகா, மந்திரவாதியை மற்றவர்களோடு சமமாக்க முயலவே இல்லை. மந்திரவாதி மலை, அவனோடு போகிற காவலாட்கள் மடு. ஆனால் ஒவ்வொருவரிடமும் ஒரு மந்திரவாதியும் ஒரு துணைவனும் உண்டு. காவலாட்கள் எல்லோருக்கும் பொது. இந்த வாரம் என் மந்திரவாதி வெளியே போனால், உன் மந்திரவாதி கோட்டையில் உட்கார்ந்து படிப்பான். நீ காவலாளாக என்னோடு வருவாய். அடுத்த வாரம் மாறிக்கொள்வோம். கேரக்டர்கள் சமமில்லை, ஆட்டக்காரர்கள் சமம். இதே ட்வீட்தான் பின்னர் மூன்றாம் பதிப்பை வடிவமைத்த முதன்மை மூவரில் ஒருவர் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்புத்தான். ஒரு குறை உண்டு: ஒரே கேரக்டரோடு ஒன்றிப்போகிறவர்களுக்கு இந்த முறை ஒட்டாது. என் குழுவில் இரண்டு பேர் அப்படி.

அதனால் நாங்கள் இப்போது விளையாடுவது 2014 விதிகள். நாக் சத்தத்தை அப்படியே வைத்துக்கொண்டு, ஓய்வை மட்டும் மாற்றிவிட்டேன்: முழு ஓய்வு ஊருக்குத் திரும்பினால்தான். போன மாதம் மறுபடி ஒரு பூட்டிய கதவு வந்தது. உள்ளே குறட்டைச் சத்தம். மந்திரவாதி வாயைத் திறந்தான், யோசித்தான், "நீயே திறடா" என்றான். நண்பன் பகடையை உருட்டினான். 4 விழுந்தது. பூட்டு அசையவில்லை. மேசையில் இருந்த எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, இப்போ என்ன பண்ணலாம் என்று அவனைத்தான் கேட்டார்கள்.