ஆபா செயலி: காரைக்குடி டாக்டருக்கும் மதுரை டாக்டருக்கும் நடுவில்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் உள்ளூர் டாக்டர். இதயம், சிறுநீரகம் என்றால் மதுரை. திடீரென்று ஏதாவது என்றால் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மூன்று இடத்துச் சீட்டும் ஒரே மஞ்சள் பைக்குள் கிடக்கும். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்க, பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சி, எந்த மாத்திரையை எந்த டாக்டர் நிறுத்தச் சொன்னார் என்று எப்படி நினைவு வைத்திருப்பார்? 2021-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டத்தின் ஆபா (ABHA) செயலி, பல மருத்துவமனைகளில் உள்ள ஒருவரின் ஆவணங்களை ஒரே இடத்தில் பார்க்க, இந்தச் சிக்கலுக்காக வந்தது. பாதி வேலையை நன்றாகச் செய்கிறது.

முதலில் ஒன்று: ஆபா காப்பீட்டு அட்டை அல்ல. 14 இலக்க அடையாள எண், அவ்வளவுதான். ஆதாரை வைத்துப் பதிவு செய்தால், ஆதாரில் உள்ள செல் நம்பருக்கு ஓடிபி போகும். அந்த நம்பர் வெளிநாட்டில் இருக்கும் மகனுடையது என்றால் அங்கேயே நின்றுவிடும். ஆதார் மையத்தில் நம்பரை மாற்றிவிட்டு வாருங்கள்.

செயலியின் பலம் ஒப்புதல் முறை. மதுரை டாக்டர் பழைய ரிப்போர்ட் கேட்டால், எந்த வகை ஆவணம், எந்தத் தேதியிலிருந்து எதுவரை, எத்தனை நாள் பார்க்கலாம் என்பதெல்லாம் திரையில் வரும். வேண்டாததை நீக்கலாம், கொடுத்த அனுமதியைத் திரும்பவும் பெறலாம். இது உண்மையிலேயே நன்றாக யோசித்துச் செய்த வேலை.

பலவீனம் வேறு இடத்தில். ஆவணங்கள் அந்தந்த மருத்துவமனையில்தான் இருக்கும். செயலி கேட்டு வாங்கித் தருகிறது. சின்ன கிளினிக்கும் லேபும் இந்தத் திட்டத்தில் சேராவிட்டால் வர எதுவும் இல்லை. மருத்துவமனை வாசலில் க்யூஆர் ஸ்கேன் செய்து ஓபி டோக்கன் வாங்கியதாலேயே ரிப்போர்ட் வந்துவிடும் என்று நம்பவும் வேண்டாம். ஆபா எண்ணோடு இணைத்தார்களா என்று கவுன்ட்டரில் கேளுங்கள். ஆதாரில் ‘மெய்யம்மை’, மருத்துவமனைப் பதிவில் ‘மெய்யம்மாள்’ என்றிருந்தால் பொருத்தம் தவறலாம்.

செயலியால் பிடிக்க முடியாத ஆபத்து மாத்திரையில் இருக்கிறது. மதுரையில் பிராண்ட் பெயரில் எழுதிய டெல்மிசார்டன் என்ற பிரஷர் மாத்திரை, அரசு மருத்துவமனையில் ஜெனரிக் (மூலமருந்து) பெயரில் இன்னொரு பட்டையாகக் கிடைக்கும். இரண்டையும் விழுங்கினால் பிரஷர் இறங்கி மயக்கம் வரலாம். சிறுநீரகம் பலவீனமானதால் ஒரு டாக்டர் நிறுத்திய மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை, அது தெரியாத இன்னொருவர் தொடர்ந்து எழுதக்கூடும்.

அதனால் ஒரே தாளில் மருந்துப் பட்டியல் எழுதுங்கள்: ஜெனரிக் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, எழுதியவர் யார். ‘நிறுத்தியவை, ஏன்’ என்று தனிப் பகுதி கட்டாயம் வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியில் பலமுறை விடுபடுவது இதுதான். சம்மரியின் எல்லாப் பக்கங்களும், சிறுநீரக நிலையைக் காட்டும் கடைசி கிரியேட்டினின் ரிப்போர்ட்டும், ஈசிஜியும் சேர்த்து ஸ்கேன் செய்து, ஆவணங்களைச் சேமிக்கும் அரசு செயலியான டிஜிலாக்கரில் ஏற்றலாம். மயங்கிக் கிடப்பவரால் செல்போனில் ஒப்புதல் தர முடியாது என்பதால், 108 வந்தால் கொடுக்க அதே தாளின் நகல் ஒன்று வீட்டில் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

இணைந்த மருத்துவமனைகளுக்குப் போகிறவர்கள் இன்றே நிறுவலாம். உள்ளூர் கிளினிக்கோடு நிற்பவர்களுக்கு இப்போதைக்கு டிஜிலாக்கரும் அந்தத் தாளும் போதும்.