அடிவாரமா, ஜங்ஷனா? சேலத்தில் வீடு பார்ப்பவர்களுக்கு ஒரு பக்கம் சாய்ந்த அலசல்

சேலத்தில் வீடு பார்க்கிறேன் என்று வாயைத் திறந்தால் போதும், "அடிவாரம் பக்கமாங்க, ஜங்ஷன் பக்கமாங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் புரோக்கர் டீயே சொல்வார். அடிவாரம் என்றால் அஸ்தம்பட்டி தாண்டி கோரிமேடு, சின்னதிருப்பதி, கண்ணங்குறிச்சி என்று ஏற்காடு மலையைப் பார்த்துப் போகிற வடக்குப் பக்கம். ஜங்ஷன் என்றால் ரயில்வே ஜங்ஷன் இருக்கிற சூரமங்கலம், குரங்குச்சாவடி, ஜாகீர் அம்மாபாளையம் என்று ஓமலூர் ரோட்டையும் இரும்பாலை ரோட்டையும் பிடித்துக்கொண்டு வளர்ந்த மேற்குப் பக்கம். அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டிக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அந்தப் பக்கங்களும் வளர்கின்றன. நான் அங்கே இருந்ததில்லை, அதனால் எழுதவில்லை.

நான் எந்தப் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கோரிமேட்டில் பல வருடம் வாடகைக்கு இருந்துவிட்டு, ஜாகீர் அம்மாபாளையத்தில் வீடு வாங்கினேன். என் மனைவியின் தம்பி கண்ணங்குறிச்சியில் வீடு கட்டிக்கொண்டு இருக்கிறான். பொங்கலுக்குப் பொங்கல் இந்தச் சண்டை எங்கள் வீட்டில் நடக்கும். "என்ன மாமா, ரயில் வந்து எழுப்புதா, நீங்களாவே எந்திரிக்கிறீங்களா?" என்று அவன் ஆரம்பிப்பான். "உன் வீட்டுக்கு வர்றதுக்குள்ள ஏற்காட்டுக்கே போயிடலாம் மாப்ளே" என்பேன் நான்.

பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கடைகண்ணி விஷயத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. மெய்யனூரில் இருக்கும் புது பஸ் ஸ்டாண்ட் இரண்டு பக்கத்துக்கும் கிட்டத்தட்ட சமதூரம். மேட்டூர்த் தண்ணீர்தான் இரண்டு பக்கமும். தட்டுவடை செட்டு இரண்டு பக்கமும் கிடைக்கும். இதை வைத்து யாரும் முடிவு செய்ய மாட்டார்கள்.

ஆனால் இந்த இரண்டு பக்கமும் வேறு வேறு ஆட்களுக்காக உருவானவை. வெள்ளைக்கார அதிகாரிகளும் மிஷன்காரர்களும் மலையைப் பார்த்து அஸ்தம்பட்டிப் பக்கம் பங்களா கட்டிக்கொண்டார்கள். அந்த அகலமான காம்பவுண்டும் மர நிழலும் இன்றும் மரவனேரி, அஸ்தம்பட்டித் தெருக்களில் மிச்சம் இருக்கின்றன. மேற்குப் பக்கத்தை வளர்த்தது ரயில். 1860களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போன பாதை, ஊருக்குள் வராமல் சூரமங்கலம் வழியாகப் போய்விட்டது. நூறு வருடம் கழித்து இரும்பாலை வந்தது: 1970இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார், 1981இல் உற்பத்தி தொடங்கியது. கருப்பூரில் அரசு பொறியியல் கல்லூரி, அப்புறம் 1997இல் பெரியார் பல்கலைக்கழகம், 2007 நவம்பரில் சேலத்துக்கென்று தனி ரயில்வே கோட்டம். ஆக அடிவாரம் உத்தியோகம் பார்த்து முடித்தவர்கள் ஓய்வெடுக்கிற பக்கம், ஜங்ஷன் ஷிஃப்டுக்குப் போகிறவர்களின் பக்கம். இரண்டு பக்கத்துத் தெருக்களிலும் இரவு பத்து மணிக்கு நடந்து பார்த்தால் இது தெரியும்.

சரி, எனக்கு முடிவு எடுத்துக் கொடுத்தது ஒரே ஒரு விஷயம். பெண் சென்னையில், பையன் பெங்களூரில். சேலத்தில் என் வயதுக்காரர்கள் பாதிப் பேர் வீட்டில் இதே கதைதான். பிள்ளைகள் படித்து முடித்ததும் சென்னை, பெங்களூரு, கோயம்புத்தூர் என்று கிளம்பிவிடுகிறார்கள். ஊருக்கு வருவது வெள்ளிக்கிழமை ராத்திரி, திரும்புவது ஞாயிறு ராத்திரி. நாம் வாங்குகிற வீடு அவர்கள் வந்து போகிற வீடாகவும் இருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் மலைக்காற்றைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: விடியாத நேரத்தில் ரயிலை விட்டு இறங்குகிறவர் வீடு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்?

சென்னை சென்ட்ரலில் ராத்திரி ஏறினால் நீலகிரி, சேரன், ஏற்காடு என எந்த எக்ஸ்பிரஸாக இருந்தாலும் சேலத்துக்கு வருவது நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில்தான். ஏற்காடு எக்ஸ்பிரஸ் நாலு மணி வாக்கில் வரும். பெயரில்தான் ஏற்காடு, அதில் வந்து இறங்குகிறவர் ஏற்காட்டு அடிவாரத்துக்குப் போக இன்னும் எட்டு, ஒன்பது கிலோமீட்டர் இருக்கிறது. அந்நேரத்துக்கு டவுன் பஸ் கிடையாது. ஜங்ஷன் வாசலில் ஆட்டோக்காரர் மரியாதையாகத்தான் கேட்பார்: "கண்ணங்குறிச்சிங்களா? அந்தப் பக்கத்திலிருந்து இந்நேரத்துக்கு ரிட்டன் சவாரி கிடைக்காதுங்க. பார்த்துப் போட்டுக் குடுங்க." அவர் சொல்வதும் நியாயம்தான். செல்போனில் கார் போட்டால் மூன்று நிமிடத்தில் வருகிறேன் என்று காட்டும், இடம் எங்கே என்று ஃபோன் பண்ணிக் கேட்கும், அப்புறம் ரத்தாகிவிடும். கோரிமேட்டில் இருந்தவரை, பெண் வரும் நாட்களில் மூன்றரைக்கு அலாரம் வைத்து ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நானே போய் நிற்பேன். வண்டி ஜோலார்பேட்டை தாண்டும்வரை லேட்டா இல்லையா என்று ஃபோனைப் பார்த்துக்கொண்டு தூக்கம் போய்விடும். மார்கழியில் அந்த ஸ்கூட்டர் பயணத்தைப் பற்றி என் முழங்காலைத்தான் கேட்க வேண்டும்.

இப்போது? அவளே ஆட்டோ பிடித்து வந்துவிடுகிறாள். பக்கத்தில்தான் என்பதால் கட்டணத்தில் பேரம் இல்லை, கேட் திறக்கிற சத்தம் கேட்டுத்தான் எழுந்திருக்கிறோம். ஞாயிறு ராத்திரி கிளம்பும்போதும் அப்படித்தான். சாப்பிட்டு, பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, ரயில் எங்கே வருகிறது என்று பார்த்துவிட்டுக் கிளம்பலாம். பையனுக்கும் இதே வசதி: பெங்களூரு பஸ்கள் தொப்பூர், ஓமலூர் தாண்டி ஊருக்குள் நுழையும்போது குரங்குச்சாவடி வழியாகத்தான் வரும். அங்கேயே இறங்கிக்கொண்டால் பஸ் ஸ்டாண்ட் வரை போய்த் திரும்பி வர வேண்டியதில்லை. 2023இல் சென்னை–கோவை வந்தே பாரத் வந்தது, அந்த வருடக் கடைசியில் கோவை–பெங்களூரு வந்தே பாரத்தும் வந்தது. இரண்டும் சேலத்தில் நிற்கின்றன. பகலில் வருகிறவர்களுக்கு எந்தப் பக்கம் வீடு இருந்தாலும் பெரிதாக ஒன்றுமில்லை. பிரச்சினையே ராத்திரியில் வருகிறவர்களுக்குத்தான்.

இதற்கு மச்சினன் வைத்திருக்கும் பதில், எழும்பூர் ரயில். ஆத்தூர், விருத்தாசலம் வழியாகப் போகிற அந்த வண்டி சேலம் டவுன் ஸ்டேஷனில் நிற்கும். கண்ணங்குறிச்சிக்காரர்களுக்கு ஜங்ஷனைவிட டவுன் பக்கம்தான். இது உண்மை. ஆனால் சுற்றிப் போகிற பாதை, டிக்கெட் எடுப்பவருக்கு அந்த ஒரு வண்டியை நம்பித்தான் வாழ்க்கை. என் பெண் ஒருமுறைகூட அதில் வந்ததில்லை.

அடிவாரத்தின் நல்லதைச் சொல்லாமல் விட்டால் வீட்டில் சோறு கிடைக்காது. என் மனைவிக்கு இன்றும் அந்தப் பக்கம்தான் பிடிக்கும். ஏப்ரல், மே மாதம் ஐந்து ரோட்டில் வெயில் மண்டையைப் பிளக்கும்போது, கோரிமேட்டில் சாயங்காலம் மலையிலிருந்து ஒரு காற்று இறங்கும். புரோக்கர்கள் அதை டிகிரிக் கணக்கில் அளந்து சொல்வார்கள். அளவெல்லாம் எனக்குத் தெரியாது, ஆனால் மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்தால் வித்தியாசம் தெரியும். கோடை மழையும் அங்கேதான் முதலில். மேகம் மலையில் முட்டி அடிவாரத்தில் கொட்டிவிட்டு, சூரமங்கலத்துக்கு வரும்போது வெறும் மண் வாசனையோடு நின்றுவிடுகிற நாட்களைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் மூக்கனேரி. 2010 வாக்கில் ஊர்க்காரர்கள் சேர்ந்து தூர்வாரி, எடுத்த மண்ணை ஏரிக்கு நடுவிலேயே திட்டுத் திட்டாகக் குவித்து, அதில் மரக்கன்று நட்டார்கள். இன்று அந்தத் திட்டுகள் சின்னச் சின்னத் தோப்பாகி, காலையில் கொக்கும் நாரையும் உட்கார்ந்திருக்கின்றன. ஊரை ஒட்டி இப்படி ஒரு ஏரி ஜங்ஷன் பக்கத்தில் கிடையாது. நடக்கிறவர்கள், பறவை பார்க்கிறவர்கள், பேரப்பிள்ளைகளை குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்குக் கூட்டிப்போக நினைக்கிறவர்கள், உங்களிடம் நான் வாதாடவில்லை.

ஆனால் அந்தப் பக்கத்துக்கு சனி, ஞாயிறு என்று ஒரு தலைவலி இருக்கிறது. ஏற்காட்டுக்கு இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுகிற வண்டிகளில் பெரும்பாலானவை அஸ்தம்பட்டி ரவுண்டானா, கோரிமேடு வழியாகத்தான் போக வேண்டும். மே மாதம் ஏற்காட்டில் கோடை விழா நடக்கும்போது, பால் வாங்க ரோட்டைக் கடப்பதே ஒரு வேலை. விழா நாட்களில் ஏறுவதற்கு இந்த வழி, இறங்குவதற்குக் குப்பனூர் வழி என்று போலீஸ் பிரித்துவிடுவதும் உண்டு. அதற்கப்புறம் கொஞ்சம் மூச்சு விடலாம். கண்ணங்குறிச்சி மெயின் ரோடு இதிலிருந்து கொஞ்சம் ஒதுங்கியிருக்கிறது என்று மச்சினன் சொல்வான். நான் அங்கே விருந்தாளியாகத்தான் போயிருக்கிறேன், அதனால் அவன் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன்.

கண்ணங்குறிச்சியில் இடம் வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சேலம் 1994இல் மாநகராட்சி ஆனது; சூரமங்கலம் அதில் ஒரு மண்டலம். கண்ணங்குறிச்சியோ 2022 உள்ளாட்சித் தேர்தலில்கூடத் தனிப் பேரூராட்சியாகத்தான் ஓட்டுப் போட்டது. எதிரெதிர் மனைகளில் ஒன்று மாநகராட்சி, இன்னொன்று பேரூராட்சி என்று இருக்கலாம். வரி, வரைபட அனுமதி, குடிநீர் இணைப்பு எல்லாவற்றுக்கும் போகிற ஆபீஸ் மாறும். தண்ணீர் ஓடுகிற வழியையும் மழைக்காலத்தில் போய்ப் பாருங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்தது. மலையில் பெய்கிற தண்ணீர் அடிவாரத்து ஓடையைத் தேடித்தான் வரும். ஓடையை மண்ணடித்து மனை போட்டிருந்தால் அது உங்கள் வாசலைத் தேடி வரும்.

ஜங்ஷன் பக்கத்தின் குறைகளையும் எழுதிவிடுகிறேன். ரயில் சத்தம்: ஒரு மாதத்தில் பழகிவிட்டது, ஆனால் வருகிற விருந்தாளிகளுக்குப் பழகவில்லை. வெள்ளைக்கல் (மேக்னசைட்) பூமி: ஓமலூர் ரோட்டில் போகும்போதே சுரங்கத்து வெள்ளை மண் குவியல்கள் கண்ணில் படும். எங்கள் போர் தண்ணீரில் துணி வெளுக்காது, சோப்பு நுரைக்காது, குழாய் வாயில் வெள்ளையாகப் படிந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழற்றி எலுமிச்சைச் சாறில் ஊறவைக்க வேண்டியிருக்கிறது. குடிக்க, சமைக்க மேட்டூர்த் தண்ணீர்தான். அதனால் வீடு கட்டும்போதே கீழ்த் தொட்டியைப் பெரிதாகவும், போர் லைனையும் மேட்டூர் லைனையும் தனித்தனியாகவும் போட்டுவிடுங்கள். கோரிமேட்டு வாடகை வீட்டில் இந்தத் தொல்லை இல்லை. அந்தப் பக்கம் முழுக்க அப்படித்தானா என்றால், ஒரு வீட்டு போரை வைத்து அடித்துச் சொல்ல முடியாது.

விலை? அஸ்தம்பட்டி, அழகாபுரம் பக்கம் ஒரு மனைக்குக் கேட்கிற தொகையில், ஜாகீர் அம்மாபாளையத்து உள்தெருவில் மனையும் வாங்கி அஸ்திவாரமும் போட்டுவிடலாம் என்பது நான் அலைந்தபோது இருந்த நிலவரம். அடிவாரம் என்ற பெயருக்கே ஒரு விலை உண்டு. மறுபடி விற்கும்போது அது திரும்பக் கிடைக்கும் என்கிறார்கள். இருக்கலாம். நான் இதுவரை எதையும் விற்றதில்லை.

வாடகை விஷயம் எனக்குத் தெரியும். ஜங்ஷன் பக்கத்தில் மாடி போர்ஷன் காலியாகக் கிடக்காது. ரயில்வே ஊழியர், இரும்பாலைக்குப் போகிறவர், இரும்பாலை ரோட்டில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகள், கருப்பூரில் படிக்கிறவர்கள், யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். எங்கள் மாடியில் இப்போது ரயில் ஓட்டுகிறவர் குடும்பம் இருக்கிறது. அவருக்கு டூட்டி ராத்திரி ஒன்றரைக்கும் வரும், பகல் மூன்றுக்கும் வரும். இங்கே வீடு கட்டுகிறவர்கள் மாடிப்படியை ஹாலுக்குள் வைக்காதீர்கள். வெளியே, அதுவும் படுக்கையறைச் சுவரை ஒட்டாமல் வையுங்கள்.