ஓட்டுச்சாவடி: உள்ளே ஒன்பது மார்க், வெளியே மூன்று

மார்க்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதிப் பேர் அதற்காகத்தான் படிக்கிறீர்கள். உள்ளே போன பிறகு கிடைத்த சேவைக்குப் பத்துக்கு ஒன்பது. உள்ளே போய்ச் சேரும்வரை பட்ட பாட்டுக்குப் பத்துக்கு மூன்று, அந்த மூன்றிலும் இரண்டு மார்க் தெருமுனையில் மேசை போட்டிருந்த கட்சிக்காரப் பையனுக்கு.

போன இடம் தென்சென்னைத் தொகுதியில் ஒரு பள்ளிக்கூடம், பெயர் வேண்டாம். நாள் 2024 ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை, நாடாளுமன்றத் தேர்தல். காலை ஏழு மணிக்குத் திறந்து மாலை ஆறுக்கு மூடுவார்கள், ஆறு அடிப்பதற்குள் வரிசையில் நின்றுவிட்டால் டோக்கன் கொடுத்து எவ்வளவு நேரமானாலும் போட விடுவார்கள். கட்டணம் கிடையாது. பணம் எதிர்த்திசையில் வந்த கதைகளும் நம் ஊரில் உண்டு, 2019இல் வேலூரில் கட்டுக்கட்டாகப் பணம் பிடிபட்டு அந்தத் தொகுதியின் தேர்தலையே ரத்து செய்து ஆகஸ்டில் தனியாக நடத்தினார்கள். எங்களிடம் யாரும் அப்படி வரவில்லை. வந்திருந்தால் இங்கே எழுதியிருப்பேனா என்பது வேறு விஷயம்.

நான் ஒழுங்காக ஓட்டுப் போடுகிற ஆள் இல்லை. 2019இல் போகவில்லை. 2021இல் போனேன், கொரோனாவுக்காக ஒற்றைக் கைக்குப் பிளாஸ்டிக் உறை கொடுத்தார்களே, அந்தத் தேர்தல். இந்த முறை வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு, ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் ஏற்காட்டுக்கு வேன் பேசியாகிவிட்டது, எனக்கும் ஜன்னலோரம் ஒரு சீட் இருந்தது. அதோடு நாங்கள் வீடு மாறி மூன்று வருடம் ஆகிறது, ஓட்டு மட்டும் பழைய தெருவிலேயே இருக்கிறது. ஏப்ரல் வெயிலில் ஊருக்கு அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குப் போய் வரிசையில் நின்று, யார் வந்தாலும் அதே பள்ளம் அதே ரோடு என்று இருக்கப்போவதற்கு எதற்கு இந்த அலைச்சல் என்று அம்மாவிடம் பெரிய கொள்கைபோலப் பேசினேன். கொள்கையெல்லாம் ஒன்றுமில்லை, சோம்பல்தான்.

அம்மாவுக்கு இந்தப் பேச்சே பிடிக்காது. "ரெண்டு தடவை போகலைன்னா செத்துட்டான்னு பேரை அடிச்சிடுவாங்கடி" என்றாள். அப்படி ஒரு விதி கிடையாது, ஓட்டுப் போடாததற்காகப் பட்டியலிலிருந்து பெயரை எடுக்க மாட்டார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். காதில் விழவில்லை. அடுத்து தி.நகரை எடுத்தாள். 2021 சட்டமன்றத் தேர்தலில் அங்கே வித்தியாசம் வெறும் 137 ஓட்டு. "நம்ம பழைய பிளாட்ல இருந்தவங்க மட்டும் வந்து போட்டிருந்தாலே கணக்கு மாறியிருக்கும்" என்றாள். நாங்கள் அந்தத் தொகுதியே இல்லை என்பதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. வேன் சீட்டை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன்.

இனி அந்த மூன்று மார்க் சமாச்சாரம். எங்களுக்கு பூத் சிலிப் வரவில்லை. வீடு மாறியது எங்கள் தப்பு, அதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் பள்ளிக்குள் நுழைந்தால் ஐந்து அறை, ஐந்து வரிசை, எந்த வரிசை வாக்காளர் பட்டியலின் எந்த பாகத்துக்கு என்று சொல்லும் தாள் கதவின் மேல் ஒட்டியிருந்தது, அதாவது வரிசையின் தலைமாட்டில், அங்கே போய்ச் சேர்ந்தால்தான் படிக்க முடியும். நான் நாற்பது நிமிடம் தப்பான வரிசையில் நின்றேன். பந்தல் என்று ஒன்று இருந்தது, அதன் நிழல் பந்தலுக்கு அடியில் விழாமல் பக்கத்துச் சுவரில் விழுந்துகொண்டிருந்தது. தண்ணீர் கேன் இருந்தது, டம்ளர் இல்லை. அம்மாவுக்கு வயது 68, போலீஸ்காரர் ஒருவர் பார்த்துவிட்டு ஒரு பள்ளிப் பெஞ்சை இழுத்துப் போட்டார், குழந்தைகள் உட்காரும் உயரத்துக்கு இருந்த பெஞ்சு, முழங்கால் முகவாய்க்கு வர உட்கார்ந்தாள்.

பாகம் எண்ணும் வரிசை எண்ணும் தெரியாமல் எதுவும் நடக்காது என்று புரிந்ததும் வெளியே வந்து, தெருமுனையில் கட்சி மேசைக்குப் போனேன். பூத்திலிருந்து இருநூறு மீட்டருக்கு அப்பால்தான் மேசை போடலாம் என்று அப்போது விதி இருந்ததால் அந்த வெயிலில் அதுவும் ஒரு நடை. பையனுக்கு இருபது வயது இருக்கும். என் அட்டையை வாங்கி, போனில் தேடி, சின்னம் கின்னம் எதுவும் இல்லாத வெள்ளைத் தாளில் எண்களை எழுதினான். "ஒரே வீட்டு நம்பர்ல மூணு பேர் வருதுக்கா. சார் வரலையா?" என்றான்.

சார் என்பது அப்பா. இறந்து மூன்று வருடம் ஆகிறது.

"அவர் வர மாட்டார்" என்றாள் பின்னாலேயே வந்திருந்த அம்மா, ஏதோ ஆபீஸில் வேலையாக இருக்கிறார் என்பதுபோல. பையன் புரிந்துகொண்டு தன் தாளில் பென்சிலால் ஒரு கோடு போட்டான், வேறெதுவும் கேட்கவில்லை. இரண்டு மார்க் அதற்குத்தான்.

சரியான வரிசையில் நின்ற பிறகு இன்னும் ஒரு மணி நேரம். பெண்கள் வரிசை நீளம் என்பதால் ஓர் ஆணுக்கு இரண்டு பெண்கள் என்ற கணக்கில் உள்ளே விட்டார்கள், அப்படியும் நகரவில்லை. அம்மாவுக்கு மட்டும் நேரம் போனதே தெரியவில்லை. பழைய தெருவே அங்கேதான் நின்றது: இஸ்திரி போடுகிறவரின் மனைவி, எதிர்வீட்டு டீச்சர், டீச்சரின் மருமகள், மருமகளின் இடுப்பில் நாங்கள் பார்த்தே இராத ஒரு குழந்தை. வயதானவர்களை முன்னால் விடச் சொல்லி போலீஸ்காரர் இரண்டு முறை கூப்பிட்டும் அம்மா போகவில்லை.

உள்ளே போனதும் உலகமே வேறு. ஒன்றாம் வகுப்பு அறை, சுவரில் அ அம்மா ஆ ஆடு. முதல் மேசையில் இருந்த அதிகாரி அட்டையை வாங்கி, வரிசை எண்ணையும் பெயரையும் அறை முழுக்கக் கேட்கிற குரலில் படித்தார், சுவரோரம் இருந்த பூத் ஏஜெண்டுகள் அடிக்கோல் வைத்துத் தங்கள் பட்டியலில் கோடு போட்டார்கள். அதிகாரியின் பட்டியலில் பெண்ணாக இருந்தால் கோட்டோடு ஒரு டிக்கும் உண்டு, ஆண் எத்தனை பெண் எத்தனை என்று பிறகு எண்ணுவதற்கு. இரண்டாவது மேசையில் விரலைப் பார்த்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கி, மை வைத்து, ஒரு துண்டுச் சீட்டு. மூன்றாவது மேசையில் அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு கட்டுப்பாட்டு இயந்திரத்தில் ஒரு பட்டனை அழுத்தினார்கள். மூன்று மேசைக்கும் சேர்த்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஜெராக்ஸ் கேட்கவில்லை, நாளைக்கு வா என்று சொல்லவில்லை, சார் சாப்பிடப் போயிருக்கிறார் என்று சொல்லவில்லை. அரசாங்கத்தின் எந்த அறையிலும் எனக்கு இப்படி வேலை முடிந்ததில்லை, இதே ஆட்களிடம் மற்ற ஆபீஸ்களையும் கொடுத்தால் என்ன என்று தோன்றியது. (அந்த ஆட்கள் பெரும்பாலும் பள்ளி ஆசிரியர்களும் மற்ற ஆபீஸ்களின் ஊழியர்களும்தான் என்று எதிர்வீட்டு டீச்சர் பிறகு சொன்னார். யோசித்தால் தலை சுற்றுகிறது.)

மை குப்பியை மணல் நிரப்பிய ஒரு கிண்ணத்தில் செருகி வைத்திருந்தார்கள், கை பட்டால் கவிழாமல் இருப்பதற்காம். மைசூரில் உள்ள அரசு பெயிண்ட் கம்பெனியில் தயாராகும் மை, 1962 தேர்தலில் தொடங்கி இன்றுவரை அதேதான். உள்ளே இருப்பது வெள்ளி நைட்ரேட். வைத்தபோது கத்திரிப்பூ நிறத்தில் இருந்தது, வெளியே வந்து வெயில் பட்டதும் கறுக்கத் தொடங்கியது. இடது ஆள்காட்டி விரலில் நகத்தின் நுனியிலிருந்து முதல் கணுவரை ஒரே கோடு. அதை இழுத்த பெண் கோலத்துக்குக் கம்பி இழுப்பதுபோல இழுத்தார்.

அட்டைத் தடுப்புக்குப் பின்னால் போய் நின்றால் மெனு பெரிது. ஓர் இயந்திரத்தில் பதினாறு பட்டன். எங்கள் தொகுதியில் 41 வேட்பாளர்கள், 'இவர்களில் யாருக்கும் இல்லை' என்கிற நோட்டாவோடு 42, ஆக மூன்று இயந்திரம் வரிசையாக. கரூரில் 54 பேர் என்பதால் நான்கு. நாகப்பட்டினத்தில் ஒன்பதே பேர், அவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அங்கீகாரம் பெற்ற கட்சிகள் முதலில் வந்துவிடுவதால் பெரும்பாலோருக்கு முதல் இயந்திரத்தோடு வேலை முடிந்துவிடும், நோட்டாவைத் தேடுகிறவர்கள்தான் மூன்றாவது இயந்திரத்தின் பத்தாவது பட்டன்வரை நடக்க வேண்டும். வேட்பாளர் படமும் இருக்கிறது, 2015இலிருந்து போடுகிறார்கள், அவசியம்தான். ராமநாதபுரத்தில் ஓ.பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றபோது அதே பெயரில் இன்னும் சிலரும் நின்றார்கள், படம் இல்லாவிட்டால் ஜனங்கள் என்ன செய்வார்கள்?

உண்மையைச் சொன்னால் நான் நோட்டா என்று முடிவு செய்துதான் வீட்டிலிருந்து கிளம்பினேன். 2013இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்த வசதி அது. அதற்கு முன்பு யாருக்கும் போட விருப்பமில்லை என்றால் 49-ஓ என்று விதி எண்ணை அதிகாரியிடம் வாய்விட்டுச் சொல்லி, பதிவேட்டில் குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும், அறையில் இருக்கும் அத்தனை ஏஜெண்டுக்கும் தெரிந்துவிடும். இப்போது ரகசியம் இருக்கிறது, பலன்தான் இல்லை, நோட்டாவுக்கே அதிக ஓட்டு விழுந்தாலும் அடுத்து இருப்பவர்தான் எம்.பி. மூன்றாவது இயந்திரம்வரை போனேன். அப்புறம் திரும்பி வந்தேன். யாருக்குப் போட்டேன் என்று கேட்காதீர்கள், அம்மாவிடமே சொல்லவில்லை.

பட்டனை அழுத்தியதும் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது. அருகில் இருந்த, போட்ட ஓட்டைத் தாளில் அச்சடித்துக் காட்டும் விவிபேட் பெட்டியின் கண்ணாடிக்குள் ஒரு தாள் வந்து ஏழு விநாடி நின்றது: எண், பெயர், சின்னம். பிறகு அறுந்து உள்ளே விழுந்தது, கீ... என்று ஒரு நீளச் சத்தம். ஏழு விநாடி போதுமா என்று கேட்டால், கண்ணாடி போட்டவர்களுக்குப் போதும், கண்ணாடியைப் பையில் வைத்திருப்பவர்களுக்குப் போதாது. ஒரு மார்க் அதற்காகக் குறைத்தேன்.

அம்மாவுக்கு இந்த இயந்திரத்தின் மேல் பெரிய மரியாதை கிடையாது. 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுவதும் இயந்திரம் வந்தது, அதற்கு முன்பு முத்திரை குத்தி, மை அடுத்த சின்னத்தில் ஒட்டிவிடாதபடி மடித்துப் பெட்டியில் போட வேண்டும், தப்பாக மடித்தால் செல்லாத ஓட்டு. "மடிக்கத் தெரியணும்டி, இப்ப என்ன, காலிங் பெல் அடிக்கிற மாதிரி" என்றாள். 1996இல் மொடக்குறிச்சியில் ஆயிரத்துக்கு மேல் வேட்பாளர்கள் நின்று ஓட்டுச்சீட்டைப் புத்தகமாக அச்சடித்தார்களே, அதை எப்படி மடித்திருப்பார்கள் என்று கேட்டேன், பதில் இல்லை.

எனக்கு முன்னால் அம்மாதான் உள்ளே போயிருந்தாள், அதைச் சொல்ல விட்டுவிட்டேன். முதல் மேசையில் பெயரைப் படித்துக் கோடு போட்ட பிறகும் நகராமல், தலைகீழாக இருந்த அந்தப் பட்டியலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதிகாரியின் பட்டியலில் போட்டோ இருக்கும். ஒரே வீட்டு ஆட்கள் அடுத்தடுத்து வருவார்கள், அம்மாவுக்கு முந்தைய கட்டத்தில் அப்பா, எந்தக் காலத்திலோ எடுத்த கறுப்பு மீசைப் படம். "நகருங்கம்மா" என்று சொல்ல வாயெடுத்த அதிகாரி என்ன நினைத்தாரோ, பட்டியலைக் கொஞ்சம் அம்மா பக்கம் திருப்பி வைத்தார். மொத்தம் ஐந்து விநாடி. அந்த ஒன்பது மார்க்கில் இதுவும் சேர்த்தி.

பிறகு வந்த ஓட்டுப்பதிவுக் கணக்கில் தமிழ்நாடு 69.72 சதவீதம், தருமபுரி 81.20, தென்சென்னை 54.17. சென்னைக்காரர்களுக்குப் பொறுப்பில்லை என்று எல்லாரும் திட்டினார்கள், ஏற்காட்டுக்குப் போன என் ஆபீஸ் கும்பலைப் பொறுத்தவரை அது நியாயம்தான், திங்கட்கிழமை முழுக்க இடது கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டே சுற்றினார்கள். ஆனால் வராத 46 சதவீதத்தில் என் அப்பாவும் ஒருவர். வீடு மாறிப் போனவர்கள், இரண்டு இடத்தில் பெயர் இருப்பவர்கள், செத்துப்போனவர்கள் எல்லாரும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறார்கள். அப்பா ஒரு தேர்தலைக்கூட விட்டவரில்லை.

போகப்போகிறவர்களுக்கு: பூத் சிலிப் வரும் என்று காத்திருக்காமல் முதல் நாளே 1950க்குப் போன் போட்டோ தேர்தல் ஆணையத்தின் செயலியிலோ பாகம் எண், வரிசை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வெறும் சிலிப் அடையாளச் சான்று ஆகாது, வாக்காளர் அட்டையோ ஆதார் போன்ற வேறு சான்றோ கையில் இருக்க வேண்டும். அன்றைக்குப் போனை வெளியே யாரிடமாவது கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக முடிந்தது. எட்டு மணிக்கு முன்னால் போய்விடுங்கள். டம்ளர் எடுத்துப்போங்கள்.

முடிவு தெரிய ஜூன் 4 வரை 46 நாள் காத்திருந்தோம், வடக்கே ஏழு கட்டமாக நடந்து முடிய வேண்டுமே. அதற்குள் விரலில் இருந்த மை போய், நகத்தில் மட்டும் பாதிக் கோடு மிச்சமிருந்தது.

வீடு மாறியதற்குப் படிவம் 8, இறந்தவர் பெயரை நீக்கப் படிவம் 7. எட்டைப் போனில் பாதி நிரப்பி வைத்திருக்கிறேன். ஓட்டை இங்கே மாற்றிக்கொண்டால் அடுத்த முறை பத்து நிமிட நடை. சட்டப்படியும் குடியிருக்கும் இடத்தில்தான் பெயர் இருக்க வேண்டும், நான் செய்துகொண்டிருப்பது சரியில்லை, தெரியும். அம்மாதான் ஒத்துக்கொள்ளவில்லை. "நாம ரெண்டு பேரும் இங்க வந்துட்டா அவர் பேரு மட்டும் அங்க தனியா இருக்கும்" என்கிறாள். அப்படியானால் ஏழையும் சேர்த்துக் கொடுத்துவிடலாம் என்றேன். "அவர் பேரை நாமளே அடிக்கணுமா?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.